கட்டியங்காரனைக் கோவிக்காத, பேராண்டி

கட்-அவுட்டுக்குப் பால் ஊத்துற கையால மனு எழுத ஒக்காந்துட்டியாமே, பேராண்டி? உன் தலைவரோட சண்டையை எவனோ நையாண்டி பண்ணிப் படம் எடுத்துட்டான், அதைத் தடை பண்ணணும்னு. எழுது, எழுது. ஆள் பத்தலைன்னா நானும் ஒரு கைநாட்டு வைக்கிறேன். ஆனா தலைவர் மானத்தைக் காப்பாத்த மனுவை விடச் சுளுவான வழி ஒண்ணு இருக்கு. மூணே நாள்ல தியேட்டரை விட்டு ஓடுற படமாப் பாத்து அவரை நடிக்கச் சொல்லு. ஒரு பய கிண்டல் பண்ண மாட்டான். ஊரே பாத்து, ஊரே விசிலடிச்ச படத்தைத்தான் நையாண்டி பண்ண முடியும். எவனும் பாக்காத படத்தைக் கிண்டல் பண்ணுனா எதைக் கிண்டல் பண்றான்னே யாருக்கும் வெளங்காதே.

நீ கோவப்படுறதுலயும் நியாயம் இருக்கு, இல்லன்னு சொல்லல. நீ நம்பி ஒக்காந்துருக்க. மொதல்ல செருப்புக் கால் தெரியும், அப்புறம் காப்புக் கை தெரியும், காத்தடிக்காத எடத்துல தலைமுடி மட்டும் பறக்கும், மூஞ்சி கடைசியாத்தான் தெரியும். குடோனுக்குள்ள நாப்பது பேரு அருவாளோட நிப்பான், ஆனா அடி வாங்க வரிசையில ஒவ்வொருத்தனா வருவான். ரேஷன் கடையில கூட அம்புட்டு ஒழுங்கை நான் பாத்ததில்ல. தலைவர் ஒரு குத்து விட்டா டாடா சுமோ பல்டி அடிக்கும். வில்லன் கையில துப்பாக்கி இருக்கும். இருந்தும், அவரு வசனத்தைச் சொல்லி முடிச்சு, துண்டைத் தோள்ல போடுற வரைக்கும் மரியாதையாக் காத்துக்கிட்டு நிப்பான். இதையெல்லாம் பாத்தப்ப உனக்குச் சிரிப்பு வரலையாக்கும்? வந்துச்சுடா. விசில் சத்தத்துல உனக்கே கேக்கல. அப்ப முழுங்குன சிரிப்பை வட்டியோட திருப்பித் தர்றவன்தான் இந்த நையாண்டிப் படக்காரன். அவனைப் போயி எதிரிங்குற.

அவன் இன்னிக்கு நேத்து வந்தவனும் இல்ல. வடக்கத்தி மாவட்டத்துக் கூத்துல கட்டியங்காரன்னு ஒருத்தன் உண்டு. துரியோதனன் வர்றான்னா சும்மா வந்துற மாட்டான். ரெண்டு பேரு திரையைப் பிடிச்சுக்குவாக. உள்ள நின்னு ஆடிப் பாடி, கிரீடத்தைக் காட்டி, புஜக்கட்டையைக் காட்டித்தான் வெளிய வருவான். உன் தலைவரோட ஓப்பனிங் பாட்டு அங்கனதான் பொறந்துச்சுன்னு நான் சொல்வேன். அம்புட்டு கெத்தா ராஜா வந்து நிக்குறப்ப இந்தக் கட்டியங்காரன் பக்கத்துல போயி, நீ யாரு, எந்த ஊரு, ரேஷன் கார்டு இருக்கான்னு கேப்பான். ராஜா செந்தமிழ்ல முழங்குவான், இவன் சந்தைத் தமிழ்ல தட்டிவிடுவான். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். அதே சனம் விடியக்காலம் பாஞ்சாலி சேலையை உருவுறப்ப மூக்கைச் சிந்தும். கட்டியங்காரன் கிண்டல் பண்ணுனதால ராஜாவுக்கு ஒரு முடி கொட்டிருச்சா? நம்ம மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் விடிய விடிய நடக்குற ஸ்பெஷல் நாடகத்துலயும் இதே கதைதான். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதுன வள்ளி திருமணத்துல ராஜபார்ட்டும் உண்டு, பபூனும் உண்டு. பபூன் இல்லாத நாடகத்துக்கு ஊருல வெத்தலை பாக்கு வைக்க மாட்டாக.

சினிமா வந்துதான் ரெண்டு பேருக்கும் பாகப்பிரிவினை ஆச்சு. கலைவாணர் காலத்துல சிரிப்புக்குத் தனி ட்ராக் ஒதுக்குனாக. கவுண்டமணி காலம் வரைக்கும் பரவால்ல, ஹீரோ பக்கத்துலயே நின்னு அவன் மூஞ்சிக்கு நேரா நக்கலடிக்க ஒரு ஆளு இருந்தாரு. அதுக்கப்புறம் ஹீரோவே சிரிப்பும் நானே, சண்டையும் நானேன்னுட்டாரு. தன்னைக் கிண்டல் பண்ணப் பக்கத்துல ஒரு ஆள் இல்லாமப் போச்சு. அப்புறம் என்ன, மேடையை விட்டு எறக்கி விட்ட கட்டியங்காரன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தனியாக் கொட்டாய் போட்டுட்டான். விஜய் டிவியில ராம்பாலா இயக்குன 'லொள்ளு சபா' ஞாபகம் இருக்கா? அப்ப நீ டவுசர் போட்ட பய. ஊரே தலையில தூக்கி வச்சு ஆடுன படத்தையெல்லாம் அட்டைக் கத்தியும் ஒட்டு மீசையுமா வச்சுக் காலி பண்ணுவாக. அங்கன இருந்து வந்த ஆளுதான் சந்தானம்.

எங்க காலத்துப் படத்தையும் விடலடா அவைங்க. ஆனந்த விகடன்ல கார்ட்டூன் போட்டுக்கிட்டிருந்த சிம்புதேவன் 2006ல வடிவேலுவை வச்சு 'இம்சை அரசன் 23ம் புலிகேசி' எடுத்தாரு. ரெட்டைப் பொறப்பு, சூழ்ச்சிக்கார மாமன், அரண்மனைச் சதின்னு எல்லாம் நாங்க 'உத்தம புத்திரன்'ல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுப் பாத்த சரக்குதான். ஓவியன் ராஜாவோட தலையை எவனோ ஒரு பயில்வான் ஒடம்புல ஒட்டி வரையுவான் பாத்தியா? உன் தலைவர் போஸ்டரை இன்னொரு தடவை நல்லா உத்துப் பாரு. நான் ஒண்ணும் சொல்லல.

2010ல அவரே 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' எடுத்தாரு. அதுல ஒரு ஊருக்கே ஜெய்சங்கர்புரம்னு பேரு. ஏன்னு உனக்குத் தெரியாது. 1972ல ஜெய்சங்கரு 'கங்கா', 'ஜக்கம்மா'ன்னு குதிரைச் சவாரிப் படமா நடிச்சாரு. கர்ணன் டைரக்டரு, கேமராவும் அவருதான். தொப்பி, இடுப்புல துப்பாக்கி, குதிரை. எந்தத் தாலுகாவுலடா இப்படித் திரியுறாகன்னு நாங்க ஒருத்தரும் கேக்கல. டூரிங் கொட்டாயில மணலைக் குவிச்சு, அது மேல ஒக்காந்து வாயைப் பொளந்து பாத்தோம். 2010ல அதைக் கிண்டல் பண்றாகன்னு தெரிஞ்சதும் உன்னை மாதிரி மனு எழுதல. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுப் போனேன். என் ஜெய்சங்கரை இவன் எம்புட்டு நுணுக்கமாப் பாத்துருக்கான்னு பூரிச்சுப் போயிட்டேன். வெறுக்குறவனால இப்படி எடுக்க முடியாது பேராண்டி. வெறுக்குறவன் இடைவேளையிலயே எந்திரிச்சுப் போயிருவான். கடைசி ரீல் வரைக்கும் ஒக்காந்து, எந்த எடத்துல இடி இடிக்கும், எந்த எடத்துல மழை வரும்னு மனப்பாடம் பண்ணுனவன்தான் எடுக்க முடியும். உன் மன்றத்துக்குத் தலைவராப் போட வேண்டிய ஆளே அவன்தான்னு வச்சுக்கயேன்.

ஆனா இந்த வித்தைக்குத் தமிழ்ல பாடப்புத்தகம்னா சி.எஸ். அமுதன் எடுத்த 'தமிழ்ப் படம்'தான். அதுவும் 2010 வருசந்தான், சனவரிக் கடைசியில வந்துச்சு. சினிமாப்பட்டின்னு ஒரு கிராமம், அங்கன ஆம்பளைப் புள்ளை பொறந்தா கள்ளிப்பால். பொட்டப் புள்ளையைக் கொல்ற கொடுமையைச் சொன்ன 'கருத்தம்மா' பாத்து அழுத ஊருடா நம்ம ஊரு. அந்த அழுகையையே தலைகீழாக் கவுத்தான் பாரு, சிரிக்குறதா வேணாமான்னு ஒரு நிமிசம் தொண்டை அடைச்சுப் போச்சு. ஹீரோவோட காலேஜ் கூட்டாளி யாருங்குற? வெண்ணிற ஆடை மூர்த்தி, மனோபாலா, எம்.எஸ். பாஸ்கர். பேரு நகுல், பரத், சித்தார்த். கிழவன்களைக் காலேஜ் பசங்கன்னு காட்டுனா சிரிக்குறோம். அறுபது தாண்டுன ஹீரோவைக் காட்டி, பரிச்சைக்குப் போறான்னு சொன்னப்ப நாம கையைத் தட்டுனோம். கணக்கு நேராயிருச்சுல்ல?

'அண்ணாமலை'யில பால்காரரு ஒரே பாட்டுல பெரிய ஓட்டல் முதலாளி ஆவாரே, அதையும் விடல. பொண்ணு வீட்டுல ஏழைன்னு சொன்னதும் 'தமிழ்ப் படம்' ஹீரோ நம்ம சிவா வெளிய போயி ஒரு பாட்டுல கோடீசுவரனாகி வந்துருவாரு. கடைசியில, படம் முழுக்கத் தேடுற பாதாள உலகத் தாதா யாருன்னு பாத்தா, வளத்த பாட்டிதான்! நம்ம பரவை முனியம்மா. 'தூள்' படத்துல ஊரையே ஆட வச்ச அந்தக் குரலுக்கு இப்படி ஒரு சிம்மாசனம் எந்தப் பெரிய படக்காரனாவது குடுத்தானா? 2020ல அந்த அம்மா போய்ச் சேந்தப்ப எனக்கு மொதல்ல ஞாபகம் வந்தது அந்த தாதா வேசந்தான்.

அம்புட்டுக் கூத்துக்கும் நடுவுல மிர்ச்சி சிவா மூஞ்சியைப் பாத்தியா? ஒரு எடத்துலயும் இது கிண்டல்னு காட்டிக்க மாட்டாரு. பதிவு ஆபீசுல கையெழுத்துப் போட வந்தவர் கணக்கா நிப்பாரு. தொழில் ரகசியமே அதுதான். சாவு வீட்டுல சிரிப்பு வந்தா அடக்க முடியாது பாரு, ஏன்னா மத்தவுக யாரும் சிரிக்கல. நடிக்குறவனே கண்ணடிச்சுச் சிரிச்சுட்டா நமக்கு வேலை இல்லாமப் போயிரும்.

இதை வெள்ளைக்காரன் எப்பவோ கண்டுபிடிச்சுட்டான். எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. உன் அத்தை மகன் சென்னையில சினிமாப் படிப்புப் படிக்குறானே, லீவுக்கு வந்தா லேப்டாப்பைத் தொறந்து வச்சு எனக்குப் பாடம் நடத்துவான். நானும் கடலைமிட்டாய்க்கு ஆசைப்பட்டு ஒக்காந்துருப்பேன். 1957ல அமெரிக்காவுல 'ஜீரோ ஹவர்'னு ஒரு படம். பறக்குற விமானத்துல மீன் சாப்பிட்டவுக எல்லாம் வெசமாகிச் சாய்ஞ்சுருவாக, பைலட்டும் சேத்து. போருல மனசு ஒடைஞ்சு போன ஒருத்தன் அதை ஓட்டி எறக்கணும். சீரியஸ்னா சீரியஸ், சிரிப்புக்கு எடமே இல்ல. டேவிட் ஜக்கர், ஜெர்ரி ஜக்கர், ஜிம் ஆப்ரகாம்ஸ்னு மூணு பேரு அந்தப் படத்தோட உரிமையையே காசு குடுத்து வாங்கி, கதையையும் வசனத்துல பலதையும் அப்படியே வச்சுக்கிட்டு 1980ல 'ஏர்ப்ளேன்' எடுத்தாக. சிரிப்பு நடிகரைத் தேடிப் போகல. வெறைப்பான வேசத்துக்குன்னே இருந்த லெஸ்லி நீல்சன், ராபர்ட் ஸ்டாக் மாதிரி ஆளுகளைக் கூப்பிட்டு, சீரியஸ் படத்துல பேசுற மாதிரியே பேசுங்கன்னுட்டாக. நீல்சன் அதுக்கு முன்னாடி 1972ல கப்பல் கவுர்ற படம் ஒண்ணுல கேப்டனா வந்தவரு. இதுக்கு அப்புறம் ஆயுசுக்கும் சிரிப்பு நடிகர்தான். இப்ப 'ஜீரோ ஹவர்' படத்தைத் தேடுற நாலு பேரும் 'ஏர்ப்ளேன்' பாத்துட்டுத்தான் தேடுறாக. கிண்டலால அந்தப் படம் செத்துச்சா, பொழைச்சுச்சா? நீயே சொல்லு.

ஜேம்ஸ் பாண்டு கதை இன்னும் சோக்கு. 1997ல இருந்து 'ஆஸ்டின் பவர்ஸ்'னு மூணு படத்துல பாண்டைக் கந்தலாக்கிட்டாக. அப்புறம் பாண்டா நடிக்க வந்த டேனியல் கிரெய்க், அந்தப் பழைய ஜோடனையை எங்களால இனிமே செய்ய முடியாமப் போச்சுன்னு வெளிப்படையாவே சொல்லிட்டாரு. 2006ல வந்த பாண்டு அடி வாங்குனா ரத்தம் வந்துச்சு, வலிச்சுச்சு. கிண்டல் பண்ணுனவன் உண்மையான படத்துக்கே பல்லு வெளக்கி விட்டுட்டான். உன் தலைவருக்கும் யாராவது பண்ணட்டுமேன்னுதான் பாக்குறேன்.

எல்லா நையாண்டிப் படமும் தேறும்னு நெனச்சுராத. பாதி வெறும் பட்டியல் வாசிப்பு. இந்தா இது அந்தப் படம், இது இந்தப் படம்னு வேசம் மட்டும் மாத்திக்கிட்டே போவான். கண்டுபிடிச்சதுக்கு நாம நம்ம முதுகையே தட்டிக்குவோம், சிரிப்பு வராது. 2018ல வந்த 'தமிழ்ப் படம் 2' எனக்குக் கொஞ்சம் அப்படித்தான் பட்டுச்சு. வில்லன் சதீஷ் வேசம் மேல வேசமா வந்தாரு, போஸ்டரும் அமர்க்களமா இருந்துச்சு, ஆனா முதல் படத்துல பாட்டி - பேரன் கதைன்னு ஒண்ணு இருந்துச்சே, அது இதுல இல்ல. கதையை எடுத்துட்டாத் தோரணம் கட்டக் கம்பு இருக்காது. இதைச் சொன்னதுக்கு உன் அத்தை மகன் என்கிட்ட நாலு நாளாப் பேசல, அது வேற விசயம்.

இப்ப இந்தக் கட்டியங்காரப் பயலுகளுக்கே பொழப்புக் கெட்டுப் போச்சுன்னு ஒரு சந்தேகம் எனக்கு. உன் தலைவரே இப்பல்லாம் பழைய பாட்டைப் போட்டுக்கிட்டு எதிரியை வெட்டுறாரு, தன் பழைய வசனத்தைத் தானே நக்கலாச் சொல்லிட்டுக் கேமராவைப் பாத்துச் சிரிக்குறாரு. ஹீரோவே கட்டியங்காரன் சட்டையையும் மாட்டிக்கிட்டா அப்புறம் அவனைக் கிண்டல் பண்றது யாரு? அந்தச் சிரிப்புல ஒரு சூது இருக்குடா. நம்பாதவனும் காசு குடுக்கட்டும், நம்புறவனும் குடுக்கட்டும்னு கணக்கு. எனக்கு நம்பி நடிக்குற ஹீரோவும் வேணும், அவனை நம்பாத கோமாளியும் வேணும். ரெண்டு வேசத்தையும் ஒருத்தனே கட்டுனா கூத்து வெளங்காது.

அதனால மனுவை அப்படி வச்சுட்டு, இன்னிக்கு ராத்திரி 'அண்ணாமலை'யைப் பாரு. விசிலடிச்சுப் பாரு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நாளைக்கு 'தமிழ்ப் படம்' பாரு. மாத்திப் பாத்துறாத, அப்புறம் பால்காரரு வந்து நிக்குறப்பவே உனக்குச் சிரிப்பு வந்துரும். உங்க அப்பனை மட்டும் ரெண்டாவது படத்துக்குக் கூப்பிடாத. ஒரே பாட்டுல பணக்காரன் ஆயிரலாம்னு அவன் இன்னும் நம்பிக்கிட்டிருக்கான், அந்த நம்பிக்கையிலதான் மாசாமாசம் சீட்டும் கட்டிக்கிட்டிருக்கான்.