அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்

எனக்குப் பிரசங்கம் வராது, பாட்டும் வராது. நான் என்ன ஊழியம் செய்ய முடியும்?
(ஓர் இல்லத்தரசி, நாசரேத்)

தையல் வருமா? யோப்பா ஊர் தொற்காள் பிரசங்கம் செய்ததாக வேதத்தில் ஒரு குறிப்பும் இல்லை. விதவைகளுக்கு உடுப்பு தைத்துக் கொடுத்தாள். அவள் இறந்தபோது அந்த உடுப்புகளைப் பேதுருவிடம் காட்டித்தான் அவர்கள் அழுதார்கள். ஊசியும் நூலும் போதும்.

கையில் காசில்லாமல் சேவையைத் தொடங்கலாமா?
(கல்லூரி மாணவர், வேலூர்)

உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. பெண் மருத்துவர் இல்லாததால் ஒரே இரவில் மூன்று தாய்மார்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்துத்தான் ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்கப் போனார். 1900-இல் வேலூரில் அவர் தொடங்கியது ஒரே கட்டில் போட்ட மருந்தகம். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. இன்று அதுதான் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி. முதலில் கண்ணில் பட்டது தேவை. கட்டடம் பிறகு வந்தது.

உதவி செய்தால் மதம் மாற்றத்தான் என்கிறார்களே?
(ஆசிரியர், மதுரை)

இயேசு சொன்ன உவமையில், அடிபட்டுக் கிடந்தவனிடம் நல்ல சமாரியன் எதுவும் விசாரிக்கவில்லை. காயத்தைக் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், செலவுக்கு இரண்டு பணம் கொடுத்தான். நாமும் அப்படியே செய்வோம். நிபந்தனை வைத்துக் கொடுத்தால் அது பேரம்.

உதவி செய்வதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் நாலு பேருக்கு ஊக்கமாக இருக்காதா?
(வாலிபர் சங்கச் செயலாளர், தூத்துக்குடி)

வலது கை செய்வது இடது கைக்கே தெரிய வேண்டாம் என்பது மலைப்பிரசங்கத்தின் போதனை. வாங்குகிறவர் கூச்சத்தோடு கை நீட்டுகிறார். அந்த முகத்தை ஊருக்குக் காட்டாமல் இருப்பதும் உதவிதான்.

மாமியார் படுத்த படுக்கை. அவர்களைப் பார்ப்பதிலேயே பொழுது போகிறது. ஆலயத்துக்குக்கூடப் போக முடியவில்லை. ஆண்டவர் என்னை மன்னிப்பாரா?
(வாசகி, சாயர்புரம்)

மன்னிக்க இதில் என்ன இருக்கிறது, அம்மா? சீடர்களின் காலைக் கழுவியவர் அவர். படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, துணி மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாமே ஊழியம்தான். ஆனால் அது உங்கள் ஒருவர் தலையில் மட்டும் விழக் கூடாது. கணவரும் முறை வைத்துச் செய்யட்டும். சபையார் ஜெபித்துவிட்டு உடனே கிளம்பாமல், வாரத்தில் ஒரு மதியம் மாமியார் பக்கத்தில் உட்காரட்டும். அந்த நேரம் நீங்கள் தூங்குங்கள்.

பிடி அரிசி காணிக்கை இந்தக் காலத்துக்குத் தேவையா?
(சபை அங்கத்தினர், திருநெல்வேலி)

தேவை. உலையில் போட எடுத்த அரிசியில் ஒரு பிடியை ஒதுக்கும்போது, தினமும் அடுப்படியிலேயே அடுத்தவர் நினைவு வருகிறது. கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஏழைகளுக்குச் சேலை கொடுத்தால் போதாது. பசி தினமும் வருகிறது.

சரி, எங்கே தொடங்குவது?
(பலர்)

அடுத்த வீட்டில். நீங்களாகவே முடிவு செய்துகொண்டு எதையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பார்வையில்லாத பர்திமேயுவிடம்கூட, என்ன வேண்டும் என்று இயேசு கேட்டார். நீங்களும் கேளுங்கள். அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள். அடுத்த வாரமும் போங்கள்.