ஏர் பிடித்த சொல்

கேள்வி: லத்தீனில் 'கோலெரே' என்ற வினைக்கு உழுதல், குடியிருத்தல், வழிபடுதல் என்று அகராதி பொருள் தருகிறது. ஒரே சொல் எப்படி வயலுக்கும் கோயிலுக்கும் போகும்?

பதில்: ஒரே ஆள் போகும்போது சொல்லும் கூடவே போகத்தானே செய்யும்! உழுகிறவன் அங்கேயே குடியிருப்பான். அந்த மண்ணின் தெய்வத்தையும் விட்டுவிட மாட்டான். விடாமல் பேணுவதுதான் மூன்றுக்கும் பொது. பேணப்படுவது வயலா, ஊரா, தெய்வமா என்று பார்த்தால் பொருள் பிடிபட்டுவிடும். நட்பைப் பேணவும் இதே சொல்தான்.

உழவன் 'அக்ரிகோலா'. குடியேற்றம் 'கொலோனியா'. ஜெர்மனியின் கோல்ன் நகரம் கி.பி. 50 முதல் சுமப்பது இந்தப் பெயரைத்தான். ஆகவே கைக்குட்டையில் தெளிக்கும், அந்த ஊரின் பெயர் கொண்ட யூடிகோலனிலும் ஓர் ஏர் மணக்கிறது!

எனக்கு மிகவும் பிடித்தது ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ செய்த திருப்பம். நல்ல நிலமும் உழாமல் விளையாது, மனமும் அப்படியே என்று சொல்லி, தத்துவத்தை மனத்தின் உழவு என்றார் அவர். கி.மு. 45-இல் எழுதிய 'டஸ்குலன் உரையாடல்கள்' நூலில் இது வருகிறது. கலை, இலக்கியத்துக்குச் சொல்லும், இதே வினையில் பிறந்த 'கல்ச்சர்' அந்த வரப்பு வழியாக வந்ததுதான். ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்ப்பதையும் 'கல்ச்சர்' என்கிறார்களே, பழைய பொருளுக்கு அதுதான் இன்னும் நெருக்கம்.