ஆறில் ஒரு பங்குப் போர்: பொம்மை டாங்கியியலுக்கு ஒரு பாயிரம்

விளைச்சலில் ஆறில் ஒரு பங்கு அரசனுக்கு இறை என்பது பழைய வழக்கு. போரில் ஆறில் ஒரு பங்கு யாருக்கு என்று முன்னோர் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் விடுமுறை நாளில் கார் ஷெட்டுக்குள் புகுந்து ப்ளைவுட் அறுக்கும் சில பெரியவர்கள் அதைக் கேட்டு, விடையும் கண்டுவிட்டார்கள். உலகப்போர் டாங்கி ஒன்றை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஆறில் ஒன்றாகக் குறைத்துக் கட்டுகிறார்கள். ரிமோட்டில் ஓட்டிக்கொண்டுபோய் அடுத்தவர் டாங்கியைப் பெயிண்ட்பாலால் சுடுகிறார்கள். இதை விளையாட்டு என்று ஒதுக்குவோர் உளர். அவர்கள் வெர்னியர் காலிப்பர் பிடித்தறியாதவர்கள்.

முதலில் திணை: இந்தப் போர் எந்தப் புறத்திணையில் சேரும்? பெயிண்ட்பால் துப்பாக்கி, காட்டில் மரங்களுக்கும் பண்ணையில் மாடுகளுக்கும் தூரத்திலிருந்தே அடையாளம் இடப் பயன்பட்ட கருவி. நெல்ஸ்பாட் 007 என்று பெயர். 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹெனிக்கரில் பன்னிரண்டு பேர் அதை ஏந்திக் கொடி திரட்டும் போட்டிக்காகக் காட்டுக்குள் இறங்கினார்கள். கொடிகளை எல்லாம் திரட்டி வென்றவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. மாட்டில் தொடங்கிய கருவி ஆதலின் இந்தப் போர் மாடு கவரும் வெட்சித் திணை என்பாரும் உளர். அது பொருந்தாது. மாடும் மண்ணும் கருதாமல், வலிமை காட்டுவது ஒன்றே பொருளாகப் பொருவது தும்பை. இங்கே வென்றவருக்கு மாடும் இல்லை, மண்ணும் இல்லை, வீட்டில் மரியாதையும் இல்லை. தும்பையே.

இனி இவ்வாய்வின் உயிர்நிலை: பீரங்கியின் வாய். ஜெர்மானிய டைகர் டாங்கியின் பீரங்கி 88 மி.மீ. ஆறால் வகுத்தால் 14.7. பெயிண்ட்பால் குண்டின் விட்டமோ 0.68 அங்குலம், அதாவது 17.3 மி.மீ. ஐரோப்பாவையே நடுங்க வைத்த டைகர், கணக்குப்படி கட்டினால் தன் குண்டைத் தானே துப்ப முடியாமல் நிற்கும். ரஷ்யரின் டி-34, பின்னாளில் வந்த 85 மி.மீ. பீரங்கியோடு வந்தாலும் 14.2 தான். அமெரிக்க ஷெர்மனின் 75 மி.மீ. பீரங்கி 12.5 ஆகிவிடும், கொண்டைக்கடலை போகும், குண்டு போகாது.

ஆகவே பெரும்பாலோர் வாயைக் கொஞ்சம் அகலமாகத் துளைத்துவிட்டு, பார்ப்பவர் அளக்கமாட்டார் என்று இருந்துவிடுகிறார்கள். நான் அளப்பேன். எண்களை வரிசையாக வகுத்துக்கொண்டே போனபோது 105 மி.மீ. ஹோவிட்சர் வந்தது. ஜெர்மானியரின் ஸ்டுர்ம்ஹவுபிட்ஸே 42 வண்டியிலும் ஷெர்மனின் ஒரு வகையிலும் இருப்பது. ஆறில் ஒன்று 17.5. குண்டு 17.3. இடைவெளி 0.2 மி.மீ.! நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ரஷ்யரின் ஐஎஸ்-2 (122 மி.மீ.) 20.3 ஆகிறது, கேவி-2 (152 மி.மீ.) 25.3 ஆகிறது. இவையும் பொய் சொல்லாதவையே. ஆனால் குண்டு உள்ளே உருண்டு விளையாடும் அளவுக்குத் தாராளம். வாயும் மையும் இவ்வளவு நெருங்கிப் பொருந்துவது 105-இல் மட்டுமே. வாய்மை என்ற சொல்லுக்கு இதுவே மூலம் என்று நான் கருதுகிறேன். மொழியியலார் மறுப்பார்கள். மறுக்கட்டும்.

எடை பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நீளம் ஆறில் ஒன்றானால் எடை 216-இல் ஒன்றாகும். 57 டன் டைகர் 264 கிலோவுக்கு வரும். கலிலியோ 1638-லேயே இந்தக் கணக்கை எலும்புகளை வைத்து எழுதிவிட்டார். ப்ளைவுட்காரர்கள் அவ்வளவு எடைக்குப் போவதில்லை, தூக்க ஆள் வேண்டுமே. வண்டியை இழுப்பது மின்சாரச் சக்கர நாற்காலியின் இரண்டு மோட்டார்கள், சங்கிலிப் பட்டைக்கு ஒன்று. ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்றினால் டாங்கி திரும்பும். மேல்கூண்டைத் திருப்ப காரின் வைப்பர் மோட்டார் போதும். நோயாளியைச் சுமக்கவும் மழையைத் துடைக்கவும் பிறந்த மோட்டார்கள் போருக்குப் போகின்றன.

நிலம்தான் கணக்குக்கு அடங்காது. 10 செ.மீ. புல் இந்த டாங்கிக்கு 60 செ.மீ. புதர், அது பட்டைக்குள் சிக்கினால் பட்டை கழன்றுவிடும். அதை மாட்டிவிட வருகிற 170 செ.மீ. மனிதர், டாங்கியின் கண்ணில் 10 மீட்டருக்கு மேல் உயர்ந்த பூதம். கையில் ஸ்பேனர் வைத்திருக்கும் பூதம். போர்க்கள வரலாறுகள் எதிலும் இப்படி ஒருவர் குறிப்பிடப்படவில்லை.

குண்டின் உள்ளே இருப்பது பாலிஎத்திலீன் கிளைகால், நிறம், இன்ன பிற. அதே கிளைகால் மலமிளக்கி மருந்தாகவும் விற்கிறது. வெளித்தோல் மீன் எண்ணெய் மாத்திரையில் இருக்கும் அதே ஜெலட்டின். டாங்கியில் பட்டு உடைந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடுத்த போருக்குப் போகலாம். ஈரத்தால் இந்த ஒரு நன்மைதான். காற்றில் ஈரம் ஏறினால் ஜெலட்டின் உப்பும், குண்டு பருக்கும். மேகம் கருத்த ஒரு நாளில் 105-காரர் களத்தில் இறங்கினால், அந்த 0.2 மி.மீ. அங்கே இருக்காது.