வீச்சு வலையும் குழந்தைத் தொப்பியும்: வாகரைப் பின்னற்கலை குறித்து ஓர் ஆய்வு

வாகரையில் பிறக்கும் குழந்தை முதன்முதலில் காண்பது தாயின் முகத்தை என்பார்கள். ஆராயாமல் சொன்ன பேச்சு அது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் குழந்தையின் கம்பளித் தொப்பி புருவத்தைத் தாண்டி மூக்கு வரை இறங்கி நிற்கிறது. ஆகவே குழந்தை ஆறுதலாகப் பார்த்துப் படிப்பது தொப்பியின் உட்புறத்தைத்தான்.

ஊரை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே 60 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடப் போனால் வாகரை. கிழக்கே கடல், மேற்கே களப்பு. மார்கழி நடுச்சாமத்திலும் வெப்பமானி 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே இருப்பவரிடம் வெப்பநிலை விசாரிப்பது அடி வாங்கும் வழி. இப்படிப்பட்ட இடத்தில் பச்சைக் குழந்தைக்குக் கம்பளித் தொப்பி எதற்கு? இக்கேள்வியை இதுவரை எவரும் எழுப்பவில்லை. நான் எழுப்பினேன். பக்கத்து வீட்டுப் பெத்தா பதில் சொன்னார்: "பச்சப்புள்ளைக்கு இன்னும் உச்சி மூடல்ல. பனி இறங்கித் தடிமன் புடிச்சா ஆரு பாக்கிற? நீயா? போகா அங்கால."

இந்தப் 'பனி' என்ற சொல்தான் ஆய்வின் முதற்கதவைத் திறந்தது. வாகரைக்குத் தெற்கே, களப்பின் வாயில், பாலத்துக்குப் பெயர்போன பனிச்சங்கேணி இருக்கிறது. ஊர்ப் பெயரிலேயே பனி! ஒரு காலத்தில் இங்கே கடுங்குளிர் நிலவியிருக்க வேண்டும், தொப்பி அக்காலத்தின் எச்சமாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். இலக்கணப்படி பிரித்துப் பார்த்தேன். பனி, சங்கு, ஏணி என்று மூன்று துண்டுகள் கிடைத்தன. புணர்ச்சி விதியில் குற்றமே இல்லை. பனியில் சங்கு ஏன் கிடந்தது, அதை எடுக்க ஏணி எதற்கு என்பதிலேயே இரண்டு வாரம் கழிந்தது.

மூன்றாம் வாரம் கடற்கரைப் பூவரசின் கீழே வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் இதை விளக்கினேன். அவர் ஊசியைக் கீழே வைக்காமலே கேட்டுவிட்டுச் சொன்னார்: "சேர், ஏணியும் இல்ல, கோணியும் இல்ல. பனிச்சை மரம் நிண்ட கேணி அது. பனிச்சங்காய இடிச்சுச் சாறெடுத்து அந்தக் காலத்தில வலைக்குப் போடுற. நூல் வலையெல்லோ, போடாட்டி ஊறி இத்துப் போகும்."

ஆய்வு கவிழ்ந்தது என்று வாசகர் நினைக்கலாம். உண்மையில் அது அங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்தது. பனிச்சங்காயின் துவர்ப்புச் சாறு பருத்தி நூலையும் சணலையும் கறுப்பேற்றிக் காப்பாற்றும். நைலோன் வருவதற்கு முன்பு இந்தியக் கரைகளிலும் இலங்கைக் கரைகளிலும் வலைக்கும் தோணிப் பலகையின் இடுக்குகளுக்கும் அதுதான் மருந்து. ஆக, ஊர்ப் பெயருக்குள் நூல் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. பெண்களின் கூந்தலை ஐந்து வகையாக முடிக்கும் ஐம்பாலில் ஒன்றுக்குப் பனிச்சை என்று பெயர். உரைகாரர் அதைப் பின்னிவிடும் முடி என்பர். பனி என்றால் தொப்பி, பனிச்சை என்றால் வலை, அதே பனிச்சை என்றால் பின்னல். மூன்றும் ஓரிடத்தில் கூடும்போது அதைத் தற்செயல் என்பவர் ஆய்வாளர் ஆக முடியாது. (தமிழ்நாட்டார் பெனியனைப் பனியன் என்பதும் கவனத்துக்குரியது. அந்தப் பின்னல் துணிக்குப் பேர்போன திருப்பூரிலும் பனி பெய்வதில்லை.)

சான்றுப் பொருட்களைப் பற்றி ஒரு சொல். வேறு ஊராக இருந்தால் பெட்டியைத் திறந்து மூன்று தலைமுறைத் தொப்பிகளை வரிசையாக அடுக்கி அளந்திருக்கலாம். வாகரையில் 2004 டிசம்பர் 26க்கு முந்திய தொப்பி ஒன்றுகூட என் கைக்குக் கிடைக்கவில்லை. அன்று கடல் எடுத்ததுபோக மிஞ்சிய பெட்டிகள் 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் நடந்த இடப்பெயர்வில் வீடுகளோடு நின்றுவிட்டன. நான் பார்த்த ஆகப் பழைய தொப்பி அதன் பிறகு வந்த முகாமில் பின்னியது. நீலமும் மஞ்சளுமாக இருக்கிறது. நீல நூல் முடிந்துபோனதால் மஞ்சள்.

இனி ஊசி வந்த வழி. காலுறையை நாங்கள் மேசு என்கிறோம். சப்பாத்தைப் போல, கதிரையைப் போல, அதுவும் போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல். அவர்கள் மட்டக்களப்பில் கோட்டை கட்டியது 1628இல். பத்து வருடத்தில் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். மேசைப் பிடிக்க அவர்களால் முடியவில்லை. 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ற் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் வைத்தார். மிஷன் பள்ளிகளின் வழியே பெண்பிள்ளைகளுக்குத் தையலும் பின்னலும் சேர்ந்து வந்திருக்கும் என்பது என் ஊகம். நாகர்கோவிலில் அப்படித்தான் லேஸ் பின்னல் வந்தது.

ஆனால் குளிர்நாட்டார்தான் பின்னலைக் கண்டுபிடித்தார்கள் என்ற மயக்கம் கூடாது. உண்மையான இரட்டை ஊசிப் பின்னலில் மிகப் பழைய துண்டுகள் எகிப்தில் கிடைத்தவை, பெரும்பாலும் பருத்தி. அதற்கும் முந்திய சிவப்புக் கம்பளி மேசு ஒரு சோடி லண்டன் விக்டோரியா அல்பேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.பி. 250க்கும் 420க்கும் இடையில் எகிப்தில் ஒற்றை ஊசியால் செய்தது. பெருவிரலுக்குத் தனியறை உண்டு, செருப்பு வாருக்கு இடம்விட. ஆக, பாலைவன வெயிலில் மேசு போட்டு, அதன்மேல் செருப்பும் போட்டு நடந்திருக்கிறார்கள். எங்கள் பெத்தாமாரைக் கேலி செய்யுமுன் அவர்களைக் கேட்க வேண்டும். மறுபக்கம், உலகின் மிகப் பழைய மீன்வலைகளில் ஒன்று 1913இல் பின்லாந்துக்காரர் சேற்றிலிருந்து தோண்டி எடுத்தது. வில்லோ மரநாரில் முடிந்தது, வயது ஏறக்குறைய 10,000 ஆண்டு. கம்பளி தேவைப்படும் நாட்டில் வலை, தேவைப்படாத நாட்டில் மேசு. இரண்டும் வந்து சந்திப்பதற்கு ஓர் ஊர் வேண்டுமல்லவா?

இப்போது தலையாய கருதுகோளுக்கு வருகிறேன். வீச்சு வலையும் குழந்தைத் தொப்பியும் ஒரே பொருள்.

சிரிக்குமுன் செய்முறையைப் பாருங்கள். கொக்கி ஊசியால் பின்னும் குறோசேத் தொப்பியை உச்சியில் தொடங்குகிறார்கள். முதற்சுற்றில் 6 கண், அடுத்ததில் 12, பிறகு 18, 24 என்று ஒவ்வொரு சுற்றிலும் ஆறாறு கண் கூட்டிக்கொண்டு போனால் வட்டம் விரியும். கூட்டுவதை நிறுத்தினால் வட்டம் கவிழ்ந்து தொப்பியாகும். வீச்சு வலையும் உச்சியில்தான் தொடங்குகிறது. சில கண்களில் ஆரம்பித்து, சுற்றுக்குச் சுற்று இடையிடையே கண் கூட்டிக் கூட்டி வட்டமாக விரித்துப் போவது அதுவும். ஓரத்தில் தொப்பிக்கு நாடா, வலைக்கு ஈயக்குண்டு. உச்சியில் தொப்பிக்குக் குஞ்சம், வலைக்குக் கைக்கயிறு. இரண்டையும் 'கண்' என்ற ஒரே சொல்லால்தான் எண்ணுகிறார்கள். இரண்டையும் எண்ணும்போது பக்கத்தில் யாரும் பேசக்கூடாது. பேசினேன். இரண்டு தரப்பிலும் ஒரே ஏச்சுத்தான் கிடைத்தது. அதையும் சான்றாகக் கொள்கிறேன்.

இதை மெய்ப்பிக்கப் பரிசோதனை ஒன்று வைத்தேன். பக்கத்து வீட்டு மாமியிடம் வலை ஒன்றைக் கொடுத்தேன். அவர் வலை முடிந்தவர் இல்லை. மடியில் போட்டு இரண்டு நிமிடம் விரலால் தடவிவிட்டு, "இஞ்ச பாருங்க, இதில ஒரு கண்ணுக்க ரெண்டு தரம் கூட்டியிருக்கு. மறுகா அங்கால ஒண்டக் குறைச்சுச் சரிக்கட்டியிருக்கான்" என்றார். மாமியின் தொப்பியைப் பூவரசடிப் பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் அதைக் கைமுட்டியில் மாட்டித் திருப்பிப் பார்த்து, "ஒரு பக்கம் ஒள்ளுப்பம் இழுக்குது" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்ன பக்கம் உண்மையாகவே இழுத்திருந்தது. மாமிக்கு இன்றுவரை நான் அதைச் சொல்லவில்லை.

உற்சாகம் தலைக்கேறி, பெரியவரிடம் கம்பளி நூலைக் கொடுத்து வலையூசியால் ஒரு தொப்பி முடியச் சொன்னேன். "அப்ப உங்கட தலைக்கும் ஒண்டு வீசட்டா?" என்று கேட்டாலும் முடிந்து தந்தார். ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு விரல் நுழைந்தது. பனி தாராளமாக இறங்கலாம்; குழந்தை சற்று மெலிந்ததாக இருந்தால் அதுவும் நழுவிவிடும். ஆனால் முடிச்சு ஒன்றும் அசையவில்லை. வலைமுடிச்சும் நெசவாளர் அறுந்த இழையை முடியும் முடிச்சும் அமைப்பில் ஒன்றே என்பதை இங்கே சேர்த்துச் சொல்லிவைக்கிறேன். குறோசேக்காரர் முடிச்சே போடுவதில்லை, கண்ணுக்குள் கண்ணை இழுக்கிறார்கள். அதனால் தொப்பியில் நுனியைப் பிடித்து இழுத்தால் முழுவதும் அவிழ்ந்து நூலாகி, அடுத்த குழந்தைக்கு வேறு தொப்பியாகும். வலையை அப்படிச் செய்ய முடியாது. என் கருதுகோளில் இருக்கும் ஒரே ஓட்டை இது. வலை பற்றிய கருதுகோளில் ஓட்டை இருப்பது இயல்பு.

புதிய நூல்களைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. நைலோன் முதலில் பல் துலக்கும் தூரிகையின் மயிராக வந்தது. 1940 மே 15இல் அமெரிக்கக் கடைகளில் பெண்களின் மேசாக விற்பனைக்கு வந்தது. போருக்குப் பிறகு உலகெங்கும் மீன்வலையானது. மேசாக இருந்தது வலையாக மறுபிறவி எடுத்த கதையை நான் புனையவில்லை, வரலாறே என் பக்கம் பேசுகிறது. வலை நைலோன் ஆனதும் பனிச்சங்காய்க்கு வேலை போயிற்று. நைலோனின் ஒற்றை இழை வடிவமான தங்கூசி இன்னும் நுட்பமானது, தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. மீனுக்கு அது தப்ப வழி விடாததால் தங்கூசி வலையை அரசு 2006இல் ஒழுங்குவிதி போட்டுத் தடை செய்தது. கம்பளி நூலில் எதற்கும் இந்தக் கௌரவம் இதுவரை கிடைக்கவில்லை.

கம்பளி நூல் என்கிறோமே, அதன் பந்தில் ஒட்டியிருக்கும் சீட்டை வாசித்துப் பாருங்கள்: நூற்றுக்கு நூறு அக்ரிலிக். செம்மறியாடு அந்தப் பக்கமே வந்ததில்லை. அக்ரிலிக்கும் நைலோனும் கச்சா எண்ணெயிலிருந்து பிறந்தவை. படகு இயந்திரத்துக்கு ஊற்றும் மண்ணெண்ணெயும் அதே வயிற்றுப் பிள்ளை. ஆக வாகரை வீடொன்றில் அப்பனின் வலை, பிள்ளையின் தொப்பி, தோணியின் எரிபொருள் மூன்றும் உடன்பிறப்புகள். விலை ஏறும்போது மூன்றும் சேர்ந்தே ஏறுவதன் இரகசியம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மாதிரிப் புத்தகங்களின் நிலைமை வேறு. தமிழில் நூல் என்றால் இழையும் நூல்தான், புத்தகமும் நூல்தான். நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் உவமித்திருக்கிறார். அத்தகைய மொழியில் பின்னும் நூலுக்குப் படிக்கும் நூல் வாகரையில் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. ஒரு வீட்டில், அலுமாரியின் மேல்தட்டில், அட்டையில் மஞ்சள் முடி வெள்ளைக் குழந்தையோடு. உள்ளே கண்களைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கெழுத்துகள், அவற்றைப் படித்தவர் யாருமில்லை. புத்தகத்துக்குள் குடும்பத்தார் எல்லோருடைய பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும் மடங்காமல் இருக்கின்றன. அவ்வளவில் அது பயனுள்ள நூல். ஆங்கிலேயரின் முதல் பின்னல் குறிப்பே 1655இல் அச்சான ஒரு வைத்திய நூலில் மருந்துகளுக்கு நடுவில்தான் கிடந்தது என்பதால், நமது புத்தகத்தை யாரும் தாழ்வாக எண்ண வேண்டாம். உண்மையான மாதிரிப் புத்தகம் பழைய தொப்பிதான். இரவல் வாங்கி, விரல்விட்டு எண்ணி, பார்த்துப் பின்னிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார்கள். சிலர் திருப்பிக் கொடுப்பதில்லை. எல்லா நூலகத்திலும் உள்ள குறைதான் இது.

பின்னுவோர் ஒன்றுகூடல் பற்றி உலகம் அண்மையில்தான் யோசித்திருக்கிறது. பொது இடத்தில் அமர்ந்து பின்னுவதற்கென ஜூன் மாதத்தில் ஒரு நாளை 2005இல் தொடங்கினார்கள். வாகரையில் அதற்கு நாள் குறித்ததில்லை. வாடைக்காற்று எழும்பி, கார்த்திகை, மார்கழியில் கடல் முரட்டுத்தனம் காட்டும்போது ஆண்கள் பூவரசடியில் கூடுகிறார்கள். காற்பெருவிரலில் வலையைக் கொளுவி இழுத்துப் பிடித்து, வெற்றிலை மென்று, ஊர்வம்பையும் சேர்த்துப் பொத்துகிறார்கள். அதே மாதங்களில் அதே பனிக்குப் பயந்து பெண்கள் விறாந்தையில் தொப்பி பின்னுகிறார்கள். இரு கூட்டத்துக்கும் இடையில் ஒரு வேலிதான். இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்கிறது என்று நான் ஒரு நாள் வேலியருகே நின்று இரைந்து அறிவித்தேன். ஆண்கள் தங்களைத் தொப்பி பின்னுகிறவர்கள் என்று சொன்னதாகக் கோபித்தார்கள். பெண்கள் கோபிக்கவில்லை. "அப்ப வலை பொத்துற கூலிய எங்களுக்கும் தரச் சொல்லுங்க சேர்" என்றார் ஒருவர். இக்கேள்வி ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைசியாகக் கருவியைப் பற்றி ஒரு வேண்டுகோள். வலையூசியை மரத்தில் சீவிக்கொள்ளலாம். குறோசே ஊசிக்கு அது அவ்வளவு எளிதல்ல. சைக்கிள் கம்பியைத் தேய்த்து நுனி வளைத்துப் பார்த்தார்கள், நூலைக் கிழிக்கிறது. எங்கள் ஒழுங்கையில் தொப்பிக்கு ஏற்ற ஊசி ஒன்றே ஒன்று. குவைத்துக்கு வேலைக்குப் போய்வந்த ஒருவர் கொண்டுவந்தது, பிடி பச்சை நிறம். ஐந்து வருடமாக வீடு வீடாகப் போய் எத்தனையோ தலைகளை மூடியிருக்கிறது. கதிரவெளிப் பக்கம் ஒரு வீட்டில் கடைசியாகக் கண்டதாகத் தகவல். இதை வாசிப்பவர் எவரிடமாவது அது இருந்தால் தயவுசெய்து வாகரைக்கு வரும் பஸ்ஸில் கொடுத்தனுப்பவும். பக்கத்து வீட்டுப் பெத்தாவின் பேத்திக்கு இது எட்டாம் மாதம். வாடையும் தொடங்கிவிட்டது.