விரிச்சுச் சொல்லும், தம்பி

குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று “கேகேடிக்கு வந்திட்டன்” என்று போனில் சொல்லிப் பாருங்கள். வாங்கிலில் இருக்கும் அந்த ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயா குடையை ஊன்றிக்கொண்டு எழும்பி வருவார்.

“கேகேடி எண்டா என்ன? விரிச்சுச் சொல்லும், தம்பி.”

“குறிகட்டுவான், ஐயா.”

“அது ஒரு சொல்லெல்லோ? அதுக்கேன் மூண்டு எழுத்து? குறிக்கு ஒரு கே, கட்டுக்கு ஒரு கே, அந்த டுவுக்கு ஒரு டி. வான் எங்க? கடலுக்க விழுந்திட்டுதோ? காங்கேசன்துறையை கேகேஎஸ் எண்டாங்கள். துறைமுகத்தில துறையையே காணேல்லை!”

கையில் அவருக்கொரு சட்டமும் உண்டு. நாக்குக்கு வழங்கினால் சொல்லாக வாசி, வழங்காவிட்டால் எழுத்தெழுத்தாக வாசி. யுனிசெப், ஈரோஸ், டெலோ எல்லாம் சொல். யூஎன்எச்சிஆர், ஈபிஆர்எல்எவ் எல்லாம் எழுத்து. “அப்ப ஏஜீஏயை ஏன் ‘அகா’ எண்டு வாசிக்கேல்லை?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். முகம் கறுத்துப்போயிற்று. அவர் உத்தியோகம் பார்த்தது ஏஜீஏ, அதாவது உதவி அரசாங்க அதிபர், கந்தோரில்.

சமாதானத்துக்கு இலங்கைப் போக்குவரத்துச் சபையை, அதாவது இ.போ.ச.வை, எடுத்துவிட்டேன். தமிழில் எழுத்தின் பெயரே அதன் ஓசை. ஆகவே இ.போ.ச. எழுத்தும்தான், சொல்லும்தான். அ.த.க. பாடசாலையும் அப்படியே. மனுசன் குளிர்ந்துபோனார். “1958இல சிரிபி எண்டு தொடங்கி, 2005இல எஸ்எல்ரிபி எண்டு மாத்தினவங்கள். தமிழில அண்டைக்கும் இ.போ.ச., இண்டைக்கும் இ.போ.ச.! இங்கிலிசுக்காரனுக்குத்தான் சிலோன் ஸ்ரீலங்காவாகினது” என்று தோளில் தட்டினார். அன்றைக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும் நம்மவர்கள் வாயில் அது இன்னும் சிரிபி பஸ்தான். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

போன மாதம் நெடுந்தீவில் ஒரு கடிதத்துக்குக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. “ஜீஎஸ்ஸிட்டப் போறன், ஐயா” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கிராம சேவகர் என்ற பேர் எப்பவோ போய்விட்டதாம், இப்போது கிராம அலுவலராம், சிங்களத்தில் கிராம நிலதாரியாம், ஆகவே ஜீஎன் என்றுதான் சொல்லவேண்டுமாம். அந்த ‘என்’னை அவர் விரித்து முடிக்கையில் குமுதினிப் படகு கயிறவிழ்த்து அரைக் கட்டை தூரம் போய்விட்டது. கடிதம் இன்னும் என் பையிலேயே கிடக்கிறது.

நெடுந்தீவு, நயினாதீவு போகிறவர்களே, படகில் ஏறி இருக்கும்வரை எதையும் முழுப்பெயரிலேயே சொல்லுங்கள்.