கொடுக்க மறந்தவரே தீர்ப்பும் சொன்னார்

1801 மார்ச் 3-ஆம் தேதி இரவு. வாஷிங்டனில் வெளியுறவு அமைச்சரின் அலுவலகத்தில் சில நியமன உத்தரவுகள் கிடந்தன. ஜனாதிபதி கையெழுத்துப் போட்டாயிற்று, செனட் ஒப்புதல் தந்தாயிற்று, அமைச்சர் அரசு முத்திரையும் குத்தியாயிற்று. பாக்கி ஒரே ஒரு வேலை: உரியவர் கையில் கொண்டுபோய்க் கொடுப்பது. விடிந்தால் ஆட்சி மாறுகிறது. அந்த ஒரு வேலைதான் நடக்கவில்லை.

காங்கிரஸ் போட்ட சட்டத்தை (நம் ஊர்க் கட்சி இல்லை, அவர்கள் ஊர் நாடாளுமன்றம்) நீதிமன்றம் ‘செல்லாது’ என்று தூக்கிப்போடுகிறதே, அமெரிக்காவில் அந்த அதிகாரத்தின் பூர்வீகம் இந்த ஆபீஸ் அசமந்தம்தான். சட்டப் புத்தகங்களில் ‘மார்பரி எதிர் மேடிசன், 1803’ என்று வெகு கம்பீரமாகப் போட்டிருக்கும். உள்ளே நுழைந்து பார்த்தால் கம்பீரம் குறைவு, குடும்பப் பகை அதிகம்.

முதலில் தேர்தல். 1800-இல் ஜனாதிபதியாக இருந்த ஜான் ஆடம்ஸ் தோற்றார். அதில் குழப்பமில்லை. ஜெயித்தது யார் என்பதில்தான் குழப்பம். தாமஸ் ஜெஃபர்சனுக்கு 73 தேர்வாளர் ஓட்டு. அவருக்குத் துணையாக வர வேண்டிய ஆரன் பர்ருக்கும் அதே 73. தேர்வாளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு, முதலில் வருபவர் ஜனாதிபதி, அடுத்து வருபவர் துணை ஜனாதிபதி என்று அரசியல் சட்டத்தில் எழுதிவைத்திருந்தார்கள். கட்சி என்று ஒன்று முளைக்கும், அது ஜோடியாக ஆள் நிறுத்தும் என்பது எழுதிய மகான்களுக்குத் தோன்றவில்லை. பர் பெரிய மனசு பண்ணி விலகியிருக்கலாம். அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பிரதிநிதிகள் சபை 36 தடவை ஓட்டெடுத்து, பிப்ரவரி 17-ஆம் தேதிதான் ஜெஃபர்சன் என்று முடிவாயிற்று.

இந்த இழுபறிக்கு நடுவே ஆடம்ஸ் சும்மா இருக்கவில்லை. தோற்றாலும் மார்ச் 4 வரை நாற்காலி அவருடையதுதானே. ஜனாதிபதி பதவி போச்சு, காங்கிரஸும் போச்சு. மிச்சம் நீதித்துறை. அங்கே ஆளைப் போட்டுவிட்டால் ஆயுசுக்கும் அசைக்க முடியாது. பிப்ரவரியில் ஒரு சட்டம் போட்டுப் புதிதாக 16 நீதிபதிகள். மாதக் கடைசியில் இன்னொரு சட்டம் வந்தது; அதைக்கொண்டு தலைநகர்ப் பகுதிக்கு 42 சமாதான நீதிபதிகள். இவர்களுக்கு ஐந்து வருஷம்தான் பதவி, சில்லறை வழக்குகள்தான் வேலை. ஆனாலும் பதவி பதவிதான். எதிர்க்கட்சிக்காரர்கள் இந்தக் கூட்டத்துக்கு ‘நள்ளிரவு நீதிபதிகள்’ என்று பெயர் வைத்தார்கள்.

உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி நாற்காலியும் காலியாக இருந்தது. ஏற்கெனவே அதில் உட்கார்ந்து பார்த்திருந்த ஜான் ஜேயைத்தான் ஆடம்ஸ் மறுபடி அழைத்தார். அந்தக் கோர்ட்டுக்குத் தெம்பும் இல்லை, மரியாதையும் இல்லை, ஆளை விடுங்கள் என்று எழுதி அனுப்பிவிட்டார் ஜே. அந்தச் சேதி வந்தபோது பக்கத்தில் இருந்தவர் வெளியுறவு அமைச்சர் ஜான் மார்ஷல். சரி, நீயே இரு என்றாயிற்று. பிப்ரவரி 4-ஆம் தேதி மார்ஷல் தலைமை நீதிபதியாகப் பதவியேற்றார். அமைச்சர் வேலையையும் கடைசி நாள் வரை விடவில்லை. நிர்வாகம் வேறு, நீதித்துறை வேறு என்பது அந்த நாட்டு அரசியல் சட்டத்தின் உயிர்நாடி என்பார்கள். ஒரு மாசம் இரண்டும் ஒரே கோட்டுக்குள் இருந்தன.

ஆகவே உத்தரவுகளில் முத்திரை குத்தியவர் மார்ஷல். கொடுத்தனுப்பக் கோட்டைவிட்டவரும் மார்ஷல். அவருடைய தம்பி ஜேம்ஸ், போடோமாக் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் அலெக்ஸாண்ட்ரியா ஆட்களுக்காக ஒரு கட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினார். எல்லாவற்றையும் சுமக்கத் தோதுப்படவில்லை என்று சிலவற்றைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் ஆடம்ஸ் கோச்சு வண்டி ஏறிவிட்டார். பதவியேற்பு விழாவுக்கு நிற்கவில்லை. ஜெஃபர்சனுக்குப் பதவிப்பிரமாணம் செய்துவைத்தது மார்ஷல். இருவரும் வர்ஜீனியாக்காரர்கள், ராண்டால்ஃப் குடும்பத்து வழியில் தூரத்துச் சொந்தம். ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. பங்காளிகள் என்றால் வேறெப்படி இருக்கும்?

புது ஜனாதிபதி கண்ணில் அந்தக் கட்டு பட்டது. கொடுக்க வேண்டாம் என்றார். 42 பேர் அதிகம், 30 போதும் என்று புதுப் பட்டியல் போட்டார். ஆடம்ஸ் பட்டியலில் இருந்த பலரை அதிலும் சேர்த்துக்கொண்டார் என்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம். விட்டுப்போனவர்களில் ஒருவர் வில்லியம் மார்பரி, ஜார்ஜ்டவுன் பணக்காரர். அந்தப் பதவியில் கிடைக்கும் கட்டணத்தை நம்பி அவர் வீட்டில் உலை வைக்கவில்லை. ஆனாலும் தன் கட்சியின் மானம் இருக்கிறதே! இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, உத்தரவைக் கொடுக்கச் சொல்லி ‘மாண்டமஸ்’ ரிட் கேட்டு நேரே உச்ச நீதிமன்றத்துக்கே போனார். எதிராளி புது வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் மேடிசன். உத்தரவுகள் முடங்கிய சமயத்தில் அந்த மனிதர் ஊரிலேயே இல்லை. மே மாசம்தான் வந்து சேர்ந்தார். சரித்திரத்தில் பெயர் நிற்பதற்குச் சமயத்தில் இதுவே போதும்.

அன்றைய உச்ச நீதிமன்றத்தை இன்றைய பளிங்கு மாளிகையோடு சேர்த்து நினைக்கக் கூடாது. புதுத் தலைநகரைக் கட்டியவர்கள் ஜனாதிபதிக்கு மாளிகை போட்டார்கள், காங்கிரஸுக்குக் கட்டடம் எழுப்பினார்கள், நீதிமன்றத்துக்கு ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. காங்கிரஸ் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு அறையை இரவல் கொடுத்திருந்தார்கள். சொந்த வீடு அமைய 1935 வரை ஆயிற்று. வழக்கு வந்ததும் ஜெஃபர்சன் கட்சிக் காங்கிரஸ் இன்னும் ஒரு காரியம் செய்தது: நீதிமன்றம் கூடும் மாதங்களையே மாற்றிவிட்டது. 1801 டிசம்பரில் போட்ட வழக்கு 1803 பிப்ரவரியில்தான் விசாரணைக்கு வந்தது. நீதிபதிகளுக்குக் காங்கிரஸ் கொடுத்த கட்டாய லீவு அது.

விசாரணைதான் வேடிக்கை. உத்தரவுகள் உண்மையிலேயே இருந்தன, முத்திரையும் விழுந்தது என்று மார்பரியின் வக்கீல் சார்லஸ் லீ நிரூபிக்க வேண்டும். அதை அடித்துச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் எதிரே, நடுநாயகமாக, நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவரையே கூண்டில் ஏற்ற முடியாதே! அமைச்சரகக் குமாஸ்தாக்களைக் கூப்பிட்டார்கள். அவர்கள் மென்று விழுங்கினார்கள். அட்டர்னி ஜெனரல் லெவி லிங்கன் யோசிக்க அவகாசம் கேட்டார். கடைசியில் ஒரு பிரமாண வாக்குமூலம் கைகொடுத்தது. யாருடையது? தம்பி ஜேம்ஸ் மார்ஷலுடையது. தான் ஏற்படுத்திய குளறுபடியை, தம்பியின் சாட்சியத்தைக் கேட்டு, அண்ணனே விசாரித்தார். இந்த வழக்கிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை வரவில்லை. மேடிசன் தரப்பில் வக்கீலே வரவில்லை.

தீர்ப்பு நாள் 1803 பிப்ரவரி 24. நீதிபதி சாமுவேல் சேஸுக்கு உடம்பு சரியில்லை, நடக்க முடியவில்லை. அவர் தங்கியிருந்த ஸ்டெல் ஹோட்டலுக்கே கோர்ட்டைக் கொண்டுபோனார்கள். அமெரிக்க அரசியல் சட்டத்தின் மிகப் பெரிய தீர்ப்பு ஒரு லாட்ஜில் வாசிக்கப்பட்டது.

மார்ஷலின் சங்கடம் இது: உத்தரவைக் கொடு என்று சொன்னால் ஜெஃபர்சன் கேட்க மாட்டார். கேட்காத உத்தரவைப் போடும் கோர்ட்டை நாளைக்கு யார் மதிப்பார்கள்? கொடுக்க வேண்டாம் என்றால் பங்காளிக்குப் பயந்தார் என்று ஊர் சிரிக்கும். மனுஷன் மூன்று கேள்வி போட்டார். மார்பரிக்கு உரிமை உண்டா? உண்டு. சட்டத்தில் அதற்குப் பரிகாரம் உண்டா? கட்டாயம் உண்டு; உரியவருக்குத் தராமல் வைத்துக்கொள்வது அநியாயம் என்று பக்கம் பக்கமாக அரசுக்கு அர்ச்சனை. சரி, அந்தப் பரிகாரத்தை இந்தக் கோர்ட் தரலாமா? அங்கேதான் ஐயா தலையை ஆட்டினார். இப்படிப்பட்ட வழக்கை நேரடியாக உச்ச நீதிமன்றத்தில் போட 1789-ஆம் வருஷச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு இடம் தருகிறது. அரசியல் சட்டமோ நேரடி வழக்குகளுக்குச் சின்னப் பட்டியல்தான் தந்திருக்கிறது. இரண்டும் மோதினால் அரசியல் சட்டமே பெரிது. ஆகவே 13-ஆவது பிரிவு செல்லாது. ஆகவே எனக்கு அதிகாரம் இல்லை. வணக்கம்.

எந்த ஜூனியர் வக்கீலைக் கேட்டாலும் சொல்வார்: அதிகாரம் உண்டா என்பதைத்தான் கோர்ட் முதலில் பார்க்க வேண்டும். மார்ஷல் அதைக் கடைசிக்குத் தள்ளினார். முதலில் வைத்திருந்தால் ஜெஃபர்சனைத் திட்டச் சந்தர்ப்பம் கிடைத்திருக்காதே! அந்த 13-ஆவது பிரிவையே அரசியல் சட்டத்தோடு முட்டாதபடி படித்திருக்கலாம் என்று சட்டப் பேராசிரியர்கள் இன்றுவரை சொல்கிறார்கள். அந்தச் சட்டத்தை எழுதியதில் முக்கியக் கை ஆலிவர் எல்ஸ்வொர்த் என்பவருடையது. மார்ஷலுக்கு முன் தலைமை நீதிபதியாக இருந்தவர் அவர்தான். எனக்கு இந்தத் தீர்ப்பின் நேர்மையைவிடச் சாமர்த்தியத்தின் மேல்தான் மரியாதை. சின்ன அதிகாரம் ஒன்று எனக்கு வேண்டாம் என்று பணிவாகத் திருப்பிக் கொடுத்து, எந்தச் சட்டம் செல்லும் எது செல்லாது என்று சொல்கிற பெரிய அதிகாரத்தை ஜேபியில் போட்டுக்கொண்டார். ஜெஃபர்சன் வழக்கில் ஜெயித்தார். ஜெயித்தவர் தீர்ப்பை எப்படி மீறுவது? அதன் பிறகு பல வருஷம் கடிதங்களில் புலம்பிக்கொண்டிருந்தார். நம் அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம் என்று 13-ஆவது பிரிவிலேயே, ஆமாம் அதே எண், அடிப்படை உரிமைக்கு முரணான சட்டம் செல்லாது என்று எழுதிவைத்துவிட்டார்கள்.

மார்பரிக்குப் பதவி கிடைக்கவே இல்லை. இன்றைக்கு உச்ச நீதிமன்றத்தின் சாப்பாட்டு அறையில் அவர் படமும் மேடிசன் படமும் மாட்டியிருக்கின்றன. இப்படிக் கிடைத்த ஆயுதத்தை அடுத்து 54 வருஷம் எந்த மத்தியச் சட்டத்தின் மீதும் உச்ச நீதிமன்றம் எடுக்கவில்லை. எடுத்தது 1857-இல், ட்ரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பின மக்கள் குடிமக்களே ஆக முடியாது என்று சொன்ன அதே தீர்ப்பில். அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

மார்ஷல் 34 வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார். மத்திய அரசு பெரிதா, மாநிலம் பெரிதா என்ற பஞ்சாயத்து 1819-இல் அவரிடம் வந்தது. காங்கிரஸ் ஒரு வங்கி தொடங்கி பால்டிமோரில் கிளை திறந்தது. மேரிலாந்து மாநிலத்துக்குப் பிடிக்கவில்லை: நோட்டு அச்சிட முத்திரைத்தாள் வாங்கு, இல்லையேல் வருஷத்துக்கு 15,000 டாலர் கட்டு என்றது. கிளையின் காசாளர் ஜேம்ஸ் மெக்கல்லோ கட்ட மாட்டேன் என்றார். மாநிலத்துக்காக வாதாடிய லூதர் மார்ட்டின் குடிக்குப் பேர்போனவர். போதையிலும் சட்டம் மறக்காதவர். வாதம் ஒன்பது நாள். முடிந்த மூன்றாம் நாள் முப்பது பக்கத்துக்கு மேல் தீர்ப்பு வந்தது. முன்கூட்டியே எழுதிவைத்திருந்தாரோ என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு.

வங்கி வைக்கலாம் என்று அரசியல் சட்டத்தில் ஒரு வரி இல்லை என்பது மாநிலத்தின் வாதம். வரி வசூலிக்கவும் கடன் வாங்கவும் படை நடத்தவும் அதிகாரம் தந்துவிட்டு, பணத்தை எங்கே வைப்பது என்பதையுமா எழுதித்தர வேண்டும் என்று மார்ஷல் கேட்டார். மாநிலங்கள் மத்திய அரசின் மேல் வரி போடவும் கூடாது, போடவிட்டால் வரியாலேயே அதை ஒழித்துக்கட்டிவிடுவார்கள் என்றார். வர்ஜீனியாப் பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. உடனே ஒரு கட்டுரையாளர் புனைபெயரில் கிளம்பி அந்தத் தீர்ப்புக்கு வக்காலத்து வாங்கி வரிசையாக எழுதினார். ‘யூனியனின் நண்பன்’ என்ற அந்த ஆசாமி வேறு யாருமில்லை, மார்ஷலேதான்.

மத்திய அரசின் மானத்தைக் காப்பாற்றிய காசாளர் என்ன ஆனார்? வழக்கு நடந்த அதே காலத்தில் அவரும் கூட்டாளிகளும் வங்கிப் பணத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேல் சுருட்டியிருந்தது தெரியவந்தது. மேரிலாந்து அவர்கள் மேல் வழக்குப் போட்டது. இப்படிச் சுருட்டுவதைக் குற்றமாக்கும் சட்டம் மாநிலத்தில் இல்லை; கடைசியில் விடுதலை. வங்கிக்கு வரி போடத் தெரிந்த மாநிலத்துக்குக் கையாடலுக்குச் சட்டம் போடத் தெரியவில்லை. மெக்கல்லோ பிறகு அதே மாநிலச் சட்டசபையில் சபாநாயகரானார். 1842-இல் மத்திய கருவூலத்திலேயே கணக்குப் பார்க்கும் பெரிய பதவியும் கிடைத்தது.

1824-இல் நீராவிப் படகுச் சண்டை. தன் நீர்வழிகளில் நீராவிப் படகு விட நியூயார்க் மாநிலம் ஒரு கோஷ்டிக்கு மட்டும் ஏகபோக உரிமை தந்திருந்தது. அவர்களிடம் உரிமம் வாங்கியவர் ஆரன் ஆக்டன், நியூஜெர்சியின் முன்னாள் கவர்னர். அவருடைய பழைய கூட்டாளி தாமஸ் கிப்பன்ஸ். கூட்டு முறிந்து, கிப்பன்ஸ் கையில் சாட்டையோடு ஆக்டன் வீட்டு வாசலில் போய் நிற்க, முன்னாள் கவர்னர் பின்பக்கமாக நழுவி, அத்துமீறி நுழைந்ததாக வழக்குப் போட்டார். கிப்பன்ஸ் மத்திய அரசின் உரிமத்தைக் காட்டிப் போட்டிப் படகு விட்டார். மாலுமி, கார்னீலியஸ் வாண்டர்பில்ட் என்ற துடிப்பான இளைஞர். பின்னாளில் நாட்டின் பெரும் கோடீஸ்வரர். மாநிலம் விட்டு மாநிலம் நடக்கும் வியாபாரம் காங்கிரஸின் ராஜ்ஜியம் என்று மார்ஷல் சொன்னார். ஏகபோகம் தண்ணீரில் போயிற்று.

ஆக்டன் கடனில் மூழ்கிச் சிறைக்கே போனார். சுதந்திரப் போரில் சண்டையிட்டவர்களைக் கடனுக்காகச் சிறையில் வைக்கக் கூடாது என்று நியூயார்க் சட்டம் போட்ட பிறகுதான் வெளியே வந்தார். கடைசிக் காலத்தில் அவருக்கு ஒரு வேலை அமைந்தது: ஜெர்சி சிட்டியில், மத்திய அரசுக்காக, வந்திறங்கும் சரக்குக்குச் சுங்கம் வசூலிப்பது.