நாலு காருக்கு அஞ்சு எடம்

வா மாப்ள, குந்து. பிளானைக் காட்டு. அடேங்கப்பா, இஞ்சினீயர் கையெழுத்தே வாங்கிட்டியா! உங்கப்பன் வீடு கட்டறப்போ சுண்ணாம்பைத் தரையில தூவிக் கோடு இழுத்தான், அதான் பிளான். நீ இன்னாடான்னா ரெண்டு அம்பாசடர், ஒரு பியட், ஒரு ஜீப்பு, இந்த நாலுக்கும் ஏசி போட்ட ஷெட்டு கட்டறே. உங்கம்மா, என் தங்கச்சி, அவ ரூமுக்கு ஃபேன் மாட்டறேன்னு நீ சொல்லி ரெண்டு ஆடி போயிடுச்சு. போவட்டும், அவளுக்கு வயசு அறுபத்தெட்டுதான். இன்னும் கொஞ்சம் பழசானா நீயே தேடி வந்து பாலிஷ் போடுவே.

கோச்சிக்காதே. நல்லதுதான் சொல்றேன்.

மொதல்ல இந்த எட்டடி அகலத்தை அழி. அம்பாசடர் பதினாலடி நீளம், அஞ்சரை அடி அகலம். ரெண்டு பக்கமும் கதவைத் தெறந்தா றெக்கை விரிச்ச கழுகாட்டம் நிக்கும். எட்டடியில நிறுத்தினா நீ ஜன்னல் வழியாத்தான் எறங்கணும், உன் தொப்பைக்கு அது ஆவாது. ஒரு வண்டிக்குப் பதினோரு அடி அகலம், இருபதடி நீளம் விடு. பானெட்டு முன்பக்கமா மல்லாந்து தெறக்கற வண்டி எதுனா நாளைக்கு வந்துச்சுன்னு வெச்சிக்க, முன்னாடி இன்னும் நாலடி வேணும். சும்மா சொன்னேன். நாலுக்கு அஞ்சு எடமா கட்டிடு.

கிரானைட்டா? குப்பத்துக் கல்லுக்கு ஊரெல்லாம் பேருதான், ஒத்துக்கறேன். ஆனா பழைய வண்டி ஆயில் ஒழுவாம நிக்குமா? ஒரு சொட்டு விழுந்தாப் போதும், நீ மல்லாந்துடுவே. அப்பால புத்தூருக்குப் போய்க் கட்டு போட்டுக்கினு வரணும். சொரசொரன்னு சிமெண்டுத் தளம் போடு. காங்க்ரீட்டு கொட்டறதுக்கு முன்னாடி மண்ணு மேல கெட்டியான பாலிதீன் ஷீட்டு விரிக்கச் சொல்லு. மேஸ்திரி, "அதெல்லாம் எதுக்கு சார்"னு சிரிப்பாரு. நீயும் சிரி, ஆனா விரிச்சப்புறம் கூலி குடு. பூமியில இருக்கற ஈரம் தளத்து வழியா மேல ஏறித்தான் வண்டியோட அடித்தகரத்தைத் தின்னுது. 2021 நவம்பர்ல திருப்பதித் தெருவெல்லாம் ஆறா ஓடிச்சே, மறந்துட்டியா? பேஸ்மட்டத்தை ரோட்டுக்கு ரெண்டடி ஒசத்து. சரிவை நீட்டமா இழு, இல்லாட்டி சைலன்சர் தட்டும்.

நடுவுல இன்னா இது, குழியா? வண்டிக்கு அடியில நின்னு வேலை பாக்கவா? மாப்ள, பெட்ரோல் ஆவி காத்தை விட கனம். பள்ளம் எங்க இருக்குதோ அங்க போய்க் குந்திக்கும். எறங்கினவன் ஒரு பீடி பத்த வெச்சான்னா, ஏழுமலையானைப் பாக்க கியூவுல நிக்கத் தேவையில்ல, நேராவே போயிடலாம். குழியை மூடு, ஜாக்கியும் ஸ்டாண்டும் வாங்கு.

பிளாஸ்டிக் கவர் போத்தறேன்னியாமே. வேர்க்கும்டா. உள்ளாறவே ஈரம் கட்டிக்கும், பெயிண்டு கொப்பளிக்கும். பருத்தித் துணி போத்து. இந்த ஏசிக் காசுல எதிரும் புதிருமா ரெண்டு ஜன்னல் வெச்சி, எலி பூராத வலை அடி. மாங்கா சீசன்ல மண்டியில துன்னுட்டு வர்ற எலி, ராத்திரி ஒயரை மென்னுதான் வாயைக் கழுவுது.

பாட்டரி வேற. கரகம்பாடியிலேர்ந்து அமர ராஜாகாரங்க தேசம் பூரா பாட்டரி அனுப்பறாங்க. திருப்பதி பக்கத்துல இருந்துக்கினு உன் வீட்டுல நாலும் செத்துக் கெடக்குது. ஓட்டாத வண்டியில நெகட்டிவ் ஒயரைக் கழட்டி வைக்கணும், அவ்ளோதான் சங்கதி. ரெண்டு நிமிஷம் உறும விட்டு அணைக்கறியே, அது வேலைக்கே ஆவாது. இஞ்சின் சூடு ஏறாம அணைச்சா தண்ணி ஆயில்லயும் சைலன்சர்லயும் தங்கிடும். காணிப்பாக்கம் வரைக்காவது ஓட்டு.

பெட்ரோலும் முன்ன மாதிரி இல்ல. இப்போ பங்க்ல ஊத்தறதுல நூத்துக்கு 20 பங்கு எத்தனால். கரும்புச் சரக்கு! நின்ன எடத்துல நின்னுக்கினே உன் பியட்டு குடிக்குது. குடிச்சவன் சும்மா இருப்பானா? காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்குவான், பழைய ரப்பர் ஓஸையெல்லாம் அரிச்சிடுவான். ஓஸை மாத்து. ரொம்ப நாள் நிறுத்தறதுன்னா கார்பரேட்டரைக் காலி பண்ணிடு.

கோயமுத்தூர் அவினாசி ரோட்டுல ஜி.டி. கார் மியூசியம் பாத்தேன், மெட்ராஸ்ல ஏவிஎம்காரங்க வெச்சிருக்கறதும் பாத்தேன்னு சொன்னே. சரி. அங்க ஆள் வெச்சித் தொடைக்கறாங்க மாப்ள. இங்க யாரு? நீ பெங்களூர்ல, பொண்டாட்டிக்குப் பெட்ரோல் வாசனையே ஆவாது.

அப்பறம் அந்த நம்பர் பிளேட்டு. 2021-ல ரூல் போட்டாங்க. அம்பது வருஷம் தாண்டின வண்டி ஒரிஜினலா இருந்தா 'வி.ஏ.'ன்னு எழுத்து தருவாங்க. புதுசாப் பதிய 20,000 ரூபா, பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனா கண்காட்சி, ராலி, ரிப்பேரு, பெட்ரோல் போடறது, அதுக்குத்தான் ரோட்டுல எறக்கலாம். சும்மா காய்கறி வாங்கப் போவக் கூடாது. எப்படியும் நம்மூர்க்காரன் 'வி.ஏ.'ன்னு பாத்தா பழைய வி.ஏ.ஓ. வண்டின்னு நெனச்சி அடங்கல் கேட்டுக் கையை நீட்டுவான்.

பழைய வண்டின்னதும் ஞாபகம் வருது. திருமலைக்கு மொத மோட்டார் ரோடு 1944-ல போட்டாங்க. ரெண்டாவது ரோடு 1974. உங்க தாத்தா பழைய ரோட்டுல அம்பாசடர்ல ஏறறப்போ ரேடியேட்டர் கொதிச்சி, நடுவுல நிறுத்திட்டு, சொம்புல தண்ணி ஊத்திக்கினே கோவிந்தா போட்டாரு. நாங்க அஞ்சு பேர் பின்னால எறங்கித் தள்ளினோம். அந்த வேண்டுதலே தனி.

இன்னொண்ணு. போன மாசம் காணிப்பாக்கத்துல, இனிமே பழைய வண்டி வாங்கவே மாட்டேன்னு பொண்டாட்டிக்கு முன்னால சத்தியம் பண்ணியாமே. அந்தப் பிள்ளையார் கிட்ட பொய்ச் சத்தியம் எடுபடாது, ஊருக்கே தெரியும். அதனால வாங்காதே. வாங்கவே வாங்காதே. யாராவது சும்மா குடுத்தா, அது வாங்கறதுல சேருமா? நீயே யோசி.

எங்க தோட்டத்துல புளியமரத்துக்குக் கீழ தார்ப்பாய் மூடி ஒண்ணு இருக்குதே, நீ சின்ன வயசுல உள்ளாற பூந்து ஹாரன் அடிப்பியே, ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வண்டலூர் பக்கத்துல செஞ்சது. பானெட்டு முதலை வாயாட்டம் மொத்தமா முன்பக்கம் தெறக்கும். உங்க அத்தை அதை எடைக்குப் போடச் சொல்றா. எனக்கு மனசு வரல. நீ கட்டற ஷெட்டுல அஞ்சாவது எடம் சும்மாத்தானே கெடக்கப் போவுது.

இப்பவே டிராக்டர் அனுப்பாதே. பின் சீட்டுல கோழி அடைகாக்குது. குஞ்சு பொரிக்கட்டும்.